சங்கிலிருந்து புட்டிக்கு: தென்சென்னைக் குடும்பங்களில் குழந்தைப்பால் பற்றிய கவலைகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கைக்குழந்தைக்குப் புட்டியில் பால் கொடுப்பது குறித்துப் பெற்றோர் கொள்ளும் அச்சங்கள் பெரும்பாலும் தாயின் அறியாமையாகவோ பழக்கக் குறைவாகவோ விளக்கப்படுகின்றன. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளை மையமாக வைத்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் போக்கை நோக்கினால், அவ்வச்சங்கள் அந்தந்தக் காலத்தின் குடிநீர், பால் வழங்கல், மருத்துவமனை நடைமுறை, வேலைச் சூழல் ஆகியவற்றிலிருந்து எழுந்தவை என்பது புலனாகிறது. புட்டிக்கு முன்பு வழங்கிய பாலாடை மீண்டும் மருத்துவ வழக்கிற்குள் நுழைந்த வரலாறும் இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாலாடை, சங்கு, புட்டிப்பால், தகரப்பால், தாய்ப்பால், தென்சென்னை, 1992 சட்டம்

1. பாலாடையும் சங்கும்

தமிழகத்தில் தாயின் மார்பையன்றி வேறு வழியில் குழந்தைக்குப் பால் கொடுப்பது புட்டியுடன் தொடங்கியதன்று. தாய் நோயுற்றபோதும் இறந்தபோதும் பால் சுரப்பு தாமதப்பட்டபோதும் பசும்பாலோ ஆட்டுப்பாலோ சங்கிலும் பாலாடையிலும் புகட்டப்பட்டது. பாலாடை என்பது ஒருபுறம் நீண்ட மூக்குடைய, வாயகன்ற சிறு கிண்ணம். பித்தளை, வெள்ளி, பிற்காலத்தில் எவர்சில்வர் ஆகியவற்றால் செய்யப்பட்டது. பிறந்த குழந்தைக்குத் தாய்வீட்டார் வெள்ளிப் பாலாடையும் வெள்ளிச் சங்கும் சீராகக் கொண்டுவரும் வழக்கம் மயிலாப்பூர்க் குடும்பங்களில் இன்றும் உள்ளது. தியாகராய நகர் உஸ்மான் சாலை நகைக்கடைகளின் வெள்ளிப் பிரிவில் அவை தனி வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றை வாங்குவோரில் எத்தனை பேர் அவற்றால் பால் புகட்டுகின்றனர் என்பது வேறு கேள்வி.

இக்கலன்களின் அமைப்பில் ஒரு நன்மை உண்டு. மூடியில்லை, குழாயில்லை, விரல் நுழையாத மூலையில்லை. கழுவிக் கொதிநீரில் இட்டால் தூய்மையாகிவிடும். ஆனால் மரபு என்ற காரணத்தாலேயே அதனைத் தூய்மையானதாகக் காட்டுவது வரலாறாகாது. அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து, தொண்டையில் விளக்கெண்ணெயையும் உரைமருந்தையும் இறக்கவும் இதே சங்குதான் பயன்பட்டது. அவ்வாறு புகட்டிய எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று அழற்சியை உண்டாக்குவது தென்னிந்தியக் குழந்தைகளிடையே காணப்பட்டதைப் பிரித்தானிய மருத்துவ இதழில் 1973-இல் வெளிவந்த கட்டுரை பதிவு செய்தது. பிறந்தவுடன் சேனை தொட்டு வைத்தலும், சீம்பாலைக் கறந்து கீழே ஊற்றுதலும் அதே மரபின் பகுதிகளே.

மேலைநாடுகளில் புட்டியின் வரலாறு இதனினும் கொடியது. 1845-இல் அமெரிக்காவில் ரப்பர் காம்பு காப்புரிமை பெற்றது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நீண்ட ரப்பர் குழாய் பொருத்திய கண்ணாடிப் புட்டிகள் பரவின. தாய் அருகில் இல்லாமலேயே குழந்தை குடிக்கலாம் என்பது அவற்றின் விற்பனைச் சிறப்பு. குழாயின் உட்புறத்தைக் கழுவ முடியாததால் அவை பின்னர் 'கொலைப் புட்டிகள்' என்றே பெயர்பெற்றன. 1890-களில் இருபுறமும் திறப்புடைய படகு வடிவப் புட்டி வந்த பின்னரே தூய்மை செய்வது எளிதாயிற்று. இந்தியாவின் ஆங்கிலேயர் இல்லங்களுக்கும், பின் உயர்தட்டு இந்தியர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது பெரும்பாலும் இப்படகுப் புட்டியே.

2. இருமுறை நீர்த்த பால்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் சென்னைப் பெற்றோரின் முதற்கவலை புட்டியைப் பற்றியதன்று, அதனுள் ஊற்றப்படும் பாலையும் தண்ணீரையும் பற்றியது. 1872 முதல் செங்குன்றம் ஏரி நீர் திறந்த கால்வாய் வழியாக நகருக்கு வந்தது. கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் அமைப்பு 1914-இல்தான் செயற்பட்டது. நகரின் தென்பகுதி வீடுகள் பலவும் கிணற்றையே நம்பியிருந்தன.

பால் வந்த வழி இன்னும் சிக்கலானது. பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து வீட்டுப் பெண்களின் கண்முன் கறப்பார். கன்று இறந்திருந்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்த பொம்மைக் கன்று பசுவின் முன் நிறுத்தப்படும். கண்முன் கறந்தும் பாலில் தண்ணீர் கலந்திருக்கும் என்பது அக்காலக் குடும்பத்தலைவிகளின் நிலையான முறையீடு. மடிகழுவும் செம்பிலிருந்த நீர் கறவைப் பாத்திரத்தில் எவ்வாறு சேர்ந்தது என்பது பற்றிய கதைகள் மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றிய முதியோர் நினைவுகளில் ஏராளம்.

இதனுடன் மருத்துவ அறிவுரையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பசும்பாலில் புரதம் ஏறத்தாழ 3.3 விழுக்காடு, தாய்ப்பாலில் 1 விழுக்காட்டை ஒட்டியது. ஆகவே முதல் மாதங்களில் பசும்பாலுடன் தண்ணீரோ பார்லிக் கஞ்சி நீரோ கலந்து, சர்க்கரை சேர்த்துக் கொடுக்குமாறு அக்கால மருத்துவர்களும் செவிலியரும் கூறினர். கணக்கு சரியானதே. ஆனால் அது கலப்படமில்லாத பாலுக்கான கணக்கு. பால்காரர் முன்னமே ஒரு பங்கு நீர் சேர்த்த பாலில் மருத்துவர் சொன்ன இன்னொரு பங்கும் சேர்ந்தபோது, குழந்தை குடித்தது பாலின் நிறமுடைய நீரையே. 'குழந்தை நன்றாகத்தான் குடிக்கிறது, உடம்பு தேறவில்லை' என்ற தாயின் குறையை இப்பின்னணியில் அறியாமை என்று தள்ள இயலாது. அளவுகோல் அவர் கையில் இல்லை.

குழந்தை இறப்பைக் குறைக்கும் முயற்சிகள் இக்காலத்தில் தாயின் கல்வியையே முதன்மைப்படுத்தின. 1917-இல் அடையாற்றில் மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. 1924 முதல் இந்திய நகரங்களில் குழந்தை வாரங்கள் கொண்டாடப்பட்டன. கண்காட்சியும் விளக்கப்படங்களும் கொழுத்த குழந்தைக்குப் பரிசும் அவ்வாரங்களின் உறுப்புகள். நியூசிலாந்தின் டுரூபி கிங் பரப்பிய கடிகாரமுறை, அதாவது நான்கு மணிக்கு ஒருமுறை மட்டுமே பால், இரவில் பால் இல்லை என்னும் ஒழுங்கு, பேரரசு முழுவதிலும் செவிலியர் பயிற்சியில் செல்வாக்குப் பெற்றது. கேட்கும்போதெல்லாம் பால் கொடுத்துவந்த வீடுகளுக்கு இது நாகரிகத்தின் அடையாளமாக வந்தது. குறைவாகச் சப்பினால் பால் சுரப்பும் குறையும் என்ற உடலியல் உண்மை பிற்காலத்தில்தான் பரவலாக உணரப்பட்டது.

3. தகரப்பால்

தண்ணீரும் பாலும் ஐயத்திற்குரியனவாக இருந்த நகரில், மூடிய தகர டப்பா நம்பிக்கையின் பொருளாயிற்று. சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே 1867-இல் தம் குழந்தை மாவை உருவாக்கினார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1912 முதல் இந்தியாவில் வணிகம் செய்தது. நியூசிலாந்தின் நேதன் குடும்ப நிறுவனம் தன் பால்மாவுக்கு 1906-இல் கிளாக்சோ என்ற வணிகப்பெயரைப் பதிவு செய்தது. கொழுகொழுக் குழந்தையின் படமே அதன் முதன்மை விளம்பரம். தியாகராய நகர் 1920-களில் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, அரசு ஊழியரும் வழக்கறிஞரும் மருத்துவரும் குடியேறிய புதுப்பகுதியாக வளர்ந்தபோது, அவ்வீடுகளின் அலமாரிகளில் இந்த டப்பாக்களும் இடம்பிடித்தன. உட்வர்ட்ஸ் கிரைப்வாட்டர் இவற்றின் துணைப்பொருள். புட்டியில் காற்றையும் சேர்த்து விழுங்கிய குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்கு அது மருந்தாகக் கருதப்பட்டது. அதன் பழைய தயாரிப்பில் மதுசாரமும் சர்க்கரையும் இருந்தன என்பதை அதனை நம்பியிருந்த பாட்டிமார் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

டப்பாப்பாலில் இருவகையை வேறுபடுத்துவது இன்றியமையாதது. பால்மா ஒன்று, இனிப்பூட்டிய கட்டிப்பால் மற்றொன்று. பின்னதில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை. விலை குறைவு, திறந்த பின்னும் எளிதில் கெடாது. இக்காரணங்களால் வசதி குறைந்தோர் அதனையே குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்தனர். குழந்தை பருக்கும், ஆனால் உயிர்ச்சத்துக் குறைவால் கண்ணும் எலும்பும் பாதிக்கப்படும். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரை இதனையே எடுத்துரைத்தது. தமிழர் பெருமளவில் வாழ்ந்த நகர் ஒன்றிலிருந்து எழுந்த அவ்வெச்சரிக்கை உலகின் கவனத்தைப் பெற முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று.

விடுதலைக்குப் பின் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி சுருங்கியது. பால்மா கிடைக்குமா என்பதே பெற்றோரின் பெருங்கவலையாக மாறியது. இந்தியாவில் மிகுதியாகக் கிடைத்தது எருமைப்பால். அதில் கொழுப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு; வயிற்றில் கெட்டியாகத் திரளும் இயல்பும் உண்டு. அதிலிருந்து குழந்தை உணவு செய்ய இயலாது என்பது மேலைநாட்டு வல்லுநரின் கருத்து. 1950-இல் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் காலத்தில் அது இயலும் எனக் காட்டியது. கெய்ரா கூட்டுறவுச் சங்கம் அம்முறையைக் கொண்டு 1960-ஐ ஒட்டி அமுல் குழந்தை உணவை உற்பத்தி செய்தது. 'அமுல் பேபி' என்பது கொழுத்த, சற்றே செல்லம் மிகுந்த பிள்ளையைக் குறிக்கும் பேச்சுவழக்காகத் தமிழில் நிலைத்தது இதன் பின்னரே.

4. 'பால் போதவில்லை'

புட்டியை நாடிய தாய்மார் கூறிய காரணங்களுள் முதன்மையானது, தம்மிடம் பால் போதவில்லை என்பது. இதனை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் சி. கோபாலன் குறிப்பிடத்தக்கவர். சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், வறிய இந்தியச் சமூகங்களில் பால் சுரப்பு பற்றிய தம் ஆய்வை 1958-இல் வெளியிட்டார். ஊட்டம் குன்றிய தாய்மாரிடமும் பால் நெடுங்காலம் தொடர்ந்து சுரக்கிறது என்பது அதன் முதன்மை முடிவு. பால் சுரப்பின் சுமையைத் தாயின் உடலே தாங்குகிறது என்பது அதன் மறுபக்கம்.

வறிய தாயிடமே பால் சுரக்கும்போது, தியாகராய நகரின் நல்லூட்டம் பெற்ற தாய்க்குப் பால் ஏன் போதவில்லை? விடையின் பெரும்பகுதி பிரசவ அறையில் உள்ளது. வீட்டுப் பிரசவம் மறைந்து மருத்துவமனைப் பிரசவம் பரவியபோது, குழந்தையைத் தனித் தொட்டிலிலோ தனி அறையிலோ வைப்பதும், முதல் நாள் குளுக்கோஸ் நீர் கொடுப்பதும் பல இடங்களில் நடைமுறையாயின. அறுவைப் பிரசவத்தில் தாய் எழுந்தமரவே நேரமாகும். முதல் நாட்களில் ரப்பர் காம்பில் எளிதாகப் பால் பெற்ற குழந்தை, பின்னர் மார்பில் சப்ப மறுத்து அழும். அவ்வழுகையே 'பால் போதவில்லை' என்பதன் சான்றாகிவிடும். சீம்பாலைக் கொட்டிய பாட்டியை நவீன மருத்துவம் கண்டித்தது. அதே சீம்பாலுக்கு முன் குளுக்கோஸ் நீரை வைத்த வார்டு வழக்கம் கண்டனத்திற்குள்ளாக மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

புட்டி வந்த பின் எழுந்த கவலைகள் சிறியவை, அன்றாடத்தவை. காம்பின் துளை சிறிதானால் குழந்தை களைத்துவிடும், பெரிதானால் புரையேறும். அடுப்பில் காய்ச்சிய ஊசியால் துளையைப் பெரிதாக்குவது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. டப்பாவின் விலையை நோக்கி ஒரு கரண்டி மாவைக் குறைத்தால் எடை ஏறாது, கூட்டினால் மலச்சிக்கல். மிஞ்சிய பாலைக் கொட்டுவதா, வைத்துக் கொடுப்பதா? குளிர்பதனப் பெட்டியில்லாத வீட்டில், சித்திரை வெயிலில், இது வயிற்றுப்போக்குக்கும் வீண்செலவுக்கும் இடையிலான தேர்வு. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் ஒவ்வொரு முறையும் புட்டியைக் கொதிக்க வைக்கும் எரிபொருளும் கணக்கில் சேர்ந்தது.

5. படமில்லாத டப்பா

1974-இல் இலண்டனில் வெளிவந்த 'குழந்தைக் கொலையாளி' என்ற சிறுநூலும், 1977-இல் அமெரிக்காவில் தொடங்கிய நெஸ்லே புறக்கணிப்பும் பால்மா விற்பனை முறைகளை உலகச் சிக்கலாக்கின. 1981 மே 21 அன்று உலக நலவாழ்வுப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் சந்தைப்படுத்தலுக்கான நெறிமுறையை ஏற்றது. ஆதரவு 118 வாக்குகள். எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1983-இல் தனக்கான நெறிமுறையை அறிவித்தது. 1992-இல் சட்டமே இயற்றியது. 1993 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது.

அதன் பெயரிலேயே பால் மாற்றுப் பொருளுடன் பாலூட்டும் புட்டியும் இடம்பெறுவது கருதத்தக்கது. விளம்பரம், இலவச மாதிரி, தாய்மாருக்குப் பரிசு, மருத்துவப் பணியாளருக்கு ஆதாயம் ஆகியன தடைசெய்யப்பட்டன. டப்பாவில் குழந்தையின் படமோ தாயின் படமோ இருத்தல் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். கொழுத்த குழந்தை டப்பாவிலிருந்து மறைந்தது. 'அமுல் பேபி' என்ற சொல் மட்டும் பேச்சில் எஞ்சியது.

சட்டம் விற்பனையைத் தடுக்கவில்லை. மருந்துக்கடைகளில் பால்மா இன்றும் கிடைக்கிறது. விளம்பரத்தை நிறுத்தியது பெரும் பயன், ஐயமில்லை. ஆனால் புட்டிப்பால் கொடுக்க நேர்ந்த தாய் எங்கே அறிவுரை கேட்பது என்பதற்கு விடை எளிதாகக் கிடைக்கவில்லை. பால்மா கிருமியற்ற பொருளன்று என்பதையும், அதனை 70 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரில் கரைக்க வேண்டும் என்பதையும் உலக நலவாழ்வு அமைப்பு 2007-இல் வழிகாட்டியாக வெளியிட்டது. வெதுவெதுப்பான நீர் போதும் என நினைத்திருந்த வீடுகளுக்கு இது புதிய செய்தி. பாலிகார்பனேட் புட்டிகளை இந்தியத் தரநிர்ணயம் 2015-இல் விலக்கியதும், கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்கிற்கு மாறிய குடும்பங்களின் கவலையை மீண்டும் கலனின் பொருள் மீதே திருப்பியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, அடுக்குமாடிகளுக்கு லாரித் தண்ணீர் வந்தபோது, நூறாண்டுக்கு முந்தைய பழைய கேள்வியும் திரும்பியது: இந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால் கரைக்கலாமா?

6. புட்டி காட்டிக்கொடுத்தபோது

புட்டியே உயிர்காக்கும் வழியாகக் கருதப்பட்ட காலமும் ஒன்றுண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்ட பரிசோதனையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவர் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு, கே.எஸ். சஞ்சீவி நிறுவிய தன்னார்வ நலவாழ்வுச் சேவை மருத்துவமனையின் தரமணி வளாகத்தில் நெடுங்காலம் இயங்கியது. மருந்தில்லாத நிலையில் தாய்ப்பால் வழியாகத் தொற்று பரவும் வாய்ப்பு 5 முதல் 20 விழுக்காடு வரை மதிப்பிடப்பட்டது. ஆகவே, தூய்மையாகவும் தொடர்ந்தும் கொடுக்க இயலுமாயின் மாற்றுப்பால் கொடுக்குமாறு அறிவுறுத்தப்பட்டது.

இங்கு கவலை இரண்டாகப் பிளந்தது. தாய்ப்பால் கொடுத்தால் தொற்று. புட்டியில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. அத்துடன் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. தாய்ப்பாலே சிறந்தது என்று சுவரெங்கும் எழுதிய சமூகத்தில், பிரசவித்த பெண் புட்டியைக் கையிலெடுத்தால் மாமியாரும் அண்டை வீட்டாரும் காரணம் கேட்பர். சொல்லத் தகுந்த காரணம் அவளிடம் இல்லை. நல்ல நோக்கத்துடன் பரப்பப்பட்ட ஒரு முழக்கம், அதனைப் பின்பற்ற இயலாதவளை அடையாளம் காட்டும் கருவியாகவும் ஆகக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. மருந்து எடுத்துக்கொள்ளும் தாய் தாய்ப்பால் கொடுக்கலாம் என்ற உலக நலவாழ்வு அமைப்பின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அச்சுமையைப் பெரிதும் இறக்கியது.

7. பாலாடையின் மீள்வரவு

எடை குறைந்தும் நாள் நிறையாமலும் பிறந்த குழந்தைகளால் மார்பில் சப்ப இயலாது. அவர்களுக்குத் தாயின் பாலைக் கறந்து எதில் கொடுப்பது என்ற வினாவே பாலாடையைத் திரும்பக் கொணர்ந்தது. 1999-இல் 'எர்லி ஹியூமன் டெவலப்மென்ட்' என்ற மருத்துவ இதழில் வெளிவந்த இந்திய ஆய்வு புட்டி, கோப்பை, பாலாடை மூன்றையும் ஒப்பிட்டது. பாலாடையில் புகட்டிய குழந்தைகள் குறைந்த நேரத்தில் மிகுதியான பாலைக் குடித்து அமைதியாக இருந்தன. அதே இதழில் 2007-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வோ, பாலாடையில் கூடுதல் நேரம் ஆவதாகவும் மிகுதியாகச் சிந்துவதாகவும் கண்டது. முரண்பாட்டுக்குக் காரணம் கலனன்று, அதனைப் பிடிக்கும் கையின் பழக்கம் எனக் கொள்வதே பொருத்தம். எதுவாயினும், தமிழ்ச் சமையலறையின் சொல் ஒன்று மொழிபெயர்ப்பின்றி ஆங்கில மருத்துவக் கட்டுரைகளின் தலைப்பில் ஏறிவிட்டது. இந்திய அரசின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வழிகாட்டிகளிலும் பாலாடைக்கு இடமுண்டு.

ஆனால் பாலாடைக்கு மடியில் குழந்தையும், அவசரமற்ற அரைமணி நேரமும் வேண்டும். வேலைக்குத் திரும்பும் தாயிடம் இல்லாதது அதுவே. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடைபெறுகின்றன, 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவம். பிறந்த ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 60.2 விழுக்காடு, இது நாட்டின் சராசரியான 41.8-ஐ விட மிக உயர்வு. ஆயின் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் தமிழ்நாட்டில் 55.1 விழுக்காடு, நாட்டின் சராசரி 63.7. நன்றாகத் தொடங்கி இடையில் தளர்வதே இங்குள்ள நிலை. அத்தளர்ச்சியின் காரணத்தைத் தாயின் மனவுறுதியில் தேடுவதினும் விடுப்பில் தேடுவது பொருத்தம்.

பணிபுரியும் பெண்களுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் விடுப்பளித்தது; 2017-இல் அது 26 வாரமாயிற்று. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் கொண்ட நிறுவனங்களில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டு அரசு தன் ஊழியருக்கு 2021-இல் ஓராண்டு விடுப்பு வழங்கியது. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. இவ்வேற்பாடுகளுக்கு வெளியே நிற்போர், அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் பிறர் வீடுகளில் சமைத்தும் பாத்திரம் துலக்கியும் வாழும் பெண்கள். வீட்டுவேலைக்கு மகப்பேற்று விடுப்புச் சட்டம் பொருந்தாது. பிறர் குழந்தைக்குப் புட்டியைக் கொதிக்க வைத்துப் பால் கரைத்துக் கொடுக்கும் அவர்களுடைய குழந்தைக்கு, வீட்டில் மூத்த பிள்ளையோ பாட்டியோ புட்டியை ஏந்துகின்றனர். அப்பெண்களுக்குக் கிட்டுவது, அடையாற்றில் அவ்வை இல்லத்தை வளர்த்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மாநில அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவி. 2018 முதல் அது 18,000 ரூபாய்; அதில் 4,000 ரூபாய் தாய்க்கான ஊட்டச்சத்துப் பெட்டகமாகத் தரப்படுகிறது. எஞ்சிய தொகை தவணைகளாக வரும். முதல் ஆறு மாதமும் வேலைக்குப் போகாமலிருக்க அது போதுமா என்பதை வைத்தே அவ்வீடுகளில் புட்டி எந்த மாதத்தில் நுழைகிறது என்பது முடிவாகிறது.